திங்கட்கிழமை முகூர்த்தமும் ஒரு பைனலும்

தம்பி கதிர்,

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதக் கை வராது. நீ கட்டிக்கொள்ளப் போகிற நித்யா வேலை பார்க்கிற காலேஜ் டீம் தோற்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டது நான்தான். ஒரு தடவை நேர்ந்துவிட்டு விட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயிக்க ஜெயிக்க, நான் ஏலம் கேட்கிறவன் மாதிரி தேங்காயைக் கூட்டிக்கொண்டே போனேன். கோயிலில் பக்கத்தில் நின்றவர்களெல்லாம் கிரீன் கார்டுக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் வேண்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் முன்பின் தெரியாத டெக்சாஸ் பையன்கள் கையிலிருந்து பந்து நழுவ வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். நல்ல பக்தன் என்று ஒரு மாமி எனக்கு வழிகூட விட்டார்.

உனக்குத் தமிழ் வாசிக்க வராது. சொன்னால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். நித்யா ஹூஸ்டனில் ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளை, அவள் வாசிப்பாள். ஆகவே இதை அவள்தான் உனக்கு வாசித்துக் காட்டப் போகிறாள். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும். நித்யா, இந்த இடத்தில் நிறுத்தி அவன் மூஞ்சியை ஒரு தடவை பாரும்மா. சிரிக்கிறானா? அப்படியென்றால் மேலே வாசி.

நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்கு எழுதச் சொல்லிச் செயலாளர் போன் பண்ணினார். "அண்ணே, பிள்ளைங்களுக்கு அப்பா எழுதுற மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். "எட்டாம் கிளாஸ் பாதியில நின்னவன்ட்டயா கேக்குறீங்க? கடைசியா நான் எழுதுனது லைசென்ஸ் பரீட்சை" என்றேன். "பேசுற மாதிரியே எழுதுங்கண்ணே, நாங்க பாத்துக்கிடுறோம்" என்றார். நானும் யோசித்தேன். உன் கல்யாணத்துக்கு நாம் அழைத்தவர்களில் பாதிப் பேர் இந்த மலரை வாசிக்கிறவர்கள். மண்டபத்தில் பெண் இருப்பாளா, மாட்டாளா என்று வீடு வீடாகப் போன் போட்டுச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. உனக்கு எழுதுகிற சாக்கில் அவர்களுக்கும் சொன்னதாக ஆகட்டும்.

நாள் குறித்ததில் என்ன தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. கோடையில் நீங்கள் இரண்டு பேரும் டெக்சாஸிலிருந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நம் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் பஞ்சாங்கத்தை விரித்தேன். மார்கழி கூடாது. தை பிறந்ததும் வருகிற நல்ல முகூர்த்தம் ஒரு திங்கட்கிழமையில் விழுந்தது. பார்த்தால், அந்தத் திங்கட்கிழமை நாடு முழுக்க லீவு! பள்ளிக்கூடம் லீவு, ஆகவே நான் ஓட்டுகிற ஸ்கூல் பஸ்ஸும் லீவு. இந்த நாட்டில் நல்ல முகூர்த்தமெல்லாம் வேலை நாளில்தான் வரும், நாம்தான் பஞ்சாங்கத்தின் காதைப் பிடித்துச் சனிக்கிழமைக்கு இழுத்து வருவோம். தானாக லீவு நாளில் வந்து உட்கார்ந்த முகூர்த்தத்தை நான் பார்த்ததே இல்லை. அமெரிக்காவும் பஞ்சாங்கமும் கூடிப் பேசி உனக்காக ஒதுக்கின நாள் என்று துள்ளினேன்.

அப்போதுதான் நித்யா மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், அன்னிக்கு நைட்தான் காலேஜ் ஃபுட்பால் பைனல்."

"பைனல்ல யாரும்மா விளையாடுறா?"

"அது ஜனவரியிலதான் தெரியும்."

"உங்க டீம் வருமா?"

அவள் சிரித்த சிரிப்பில் காபி டம்ளர் ஆடியது. நீயும் சிரித்தாய். "எங்க டீமா? அங்கிள், போன சீசன்ல ஹாஃப் டைம்லயே பாதி ஸ்டேடியம் காரை எடுத்துட்டுக் கிளம்பிடுச்சு. சான்ஸே இல்ல."

"அப்ப முடிச்சிரலாமா?"

"முடிச்சிடுங்க அங்கிள்."

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. தேங்காய் மாதிரி இருக்கிற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிராளி மேலே விழுந்து அமுக்குவான். கபடிக்குத் தலைக்கவசம் போட்டு விட்ட மாதிரி இருக்கும். நாடு முழுக்க எத்தனையோ காலேஜ் டீம்கள். டிசம்பரில் ஒரு கமிட்டி உட்கார்ந்து அதில் பன்னிரண்டைப் பொறுக்கும். அப்புறம் தோற்றவன் வீட்டுக்குப் போக, கடைசியில் மிஞ்சுகிற இரண்டு டீமும் பைனலுக்கு வரும். நித்யா அந்த டீமில் ட்ரெய்னர். அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுகிறது, விழுந்தவனை எழுப்பி மறுபடி ஓடவிடலாமா கூடாதா என்று சொல்லுகிறது அவள் வேலை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் டாக்டர்கள். மகளும் டாக்டராவாள் என்று இருந்தவர்களுக்கு, கட்டுப் போடுகிற வேலைக்குப் போனதில் இன்னும் ஒரு சின்ன மனத்தாங்கல். டீம் பேரை நான் எழுதவில்லை. டெக்சாஸில் ஒரு டீம் பேரைச் சொன்னால் மீதி டீம்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம்.

நித்யா சொன்னதை மட்டும் நம்பி நான் நாள் குறிக்கவில்லை. எங்கள் பஸ் டிப்போவில் டைரோன் என்று ஒரு டிரைவர், உனக்குத் தெரியும், நீ சின்னப் பையனாக இருக்கும்போது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தவன். எந்த இரண்டு டீம் பைனலுக்கு வரும் என்று ஆகஸ்டிலேயே டிப்போ முழுக்கக் கணித்துச் சொல்லுவார்கள், அவன் வாக்குக்குத்தான் மதிப்பு அதிகம். போய்க் கேட்டேன். "உன் மருமக டீமா? கல்யாணத்தன்னைக்குப் பனி கொட்டுமான்னு கவலைப்படு. அவங்க பைனலுக்கு வருவாங்கன்னு கவலைப்படாத" என்று அவன் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டி, தன் டோனட்டில் பாதியையும் கொடுத்தான். துக்க வீட்டுக்காரனைத் தேற்றி அனுப்புகிற மாதிரி இருந்தது. நான் சந்தோஷமாக மண்டபத்துக்குப் போன் போட்டேன்.

முன்கூட்டிச் சொல்லுகிற விஷயத்தில் நானும் லேசுப்பட்டவன் இல்லை. பஸ் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தே எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும் என்று சொல்லிவிடுவேன், அந்தப் பிள்ளைக்குத் தெரிவதற்கு முன்னாலேயே பை கொடுத்துவிடுவேன். ஆனால் நம் வீட்டு ஆட்கள் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது ஒன்றுகூட நடந்ததில்லை. உங்கம்மாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து நாம் இங்கே வந்தபோது, முதல் பனியைப் பார்த்ததும் "ஊருக்கே போயிருவோம்" என்பாள் என்று ஒரு பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். பனி கொட்டின அன்றைக்கு நான் போர்வைக்குள் இருந்தேன். அவள் வாசலில் கிடந்ததையெல்லாம் வழித்துத் தள்ளி, காரைத் துடைத்து, டூட்டிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் நானே பெட்டியைப் பிரித்து வேட்டிகளை அலமாரியில் அடுக்கினேன். அவள் வந்து, அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

உன் விஷயமும் அதுதான். பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்து உன்னைவிடப் பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். "ஒரு மாசம் தாங்க மாட்டான், முதுகு வலின்னு ஓடி வந்துருவான்" என்றேன். நீ அந்த டிரம்மோடேயே டெக்சாஸ் வரைக்கும் போய்விட்டாய். காலேஜில் மேட்ச் இடைவேளையில் கொட்டு அடித்துக்கொண்டே பின்னால் நடந்து, படியில் கால் மடங்கி, டிரம் ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமுமாக உருண்டாய். பந்து விளையாடுகிறவனுக்குக் கட்டுப் போட நின்ற மாணவி ஒருத்தி ஓடி வந்து உன் காலுக்குக் கட்டுப் போட்டாள். அந்தக் கட்டு இன்னும் அவிழவில்லை. இதையும் நான் கணிக்கவில்லை. அதனால் தம்பி, உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி இவ்வளவுதான்: கட்டிக்கொள்ளப் போகிறவளை, இவள் இன்னதுக்கு இப்படித்தான் செய்வாள் என்று முன்கூட்டியே முடிவு கட்டி வைக்காதே. நான் உங்கம்மாவை அப்படி முடிவு கட்டிக் கட்டி, ஒவ்வொரு தடவையும் தோற்றுத்தான் இத்தனை காலம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

சீசன் ஆரம்பித்ததும் அவர்கள் முதலில் ஒன்று தோற்றார்கள். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம். அப்புறம் என்ன பிடித்ததோ, ஜெயிக்க ஆரம்பித்தார்கள். பெரிய டீம் என்று பேர் வாங்கினவனையெல்லாம் போட்டு மிதித்தார்கள். திங்கட்கிழமை டிப்போவுக்குப் போனால் எல்லாரும் எனக்குக் கை கொடுக்கிறார்கள், என்னவோ நான் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடின மாதிரி. டைரோன் மட்டும் பக்கத்தில் வந்து, "அடுத்தது தோத்துருவாங்க, தைரியமா இரு" என்பான். அடுத்ததும் ஜெயிப்பார்கள். டிசம்பரில் கமிட்டி பன்னிரண்டு பேரைச் சொன்னபோது பதினோராவது பேர் வரைக்கும் இவர்கள் இல்லை. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். உங்கம்மா போட்ட சத்தத்தில் குழாயை மூடாமல் ஓடி வந்தேன்.

மார்கழியில் ஒரு நாள் காலையில் கோயிலுக்குப் போயிருந்தோம். குருக்கள் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேர் வேண்டுதலையும் சேர்த்தே அர்ச்சனை பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கம்மாவைத் தனியாக அழைத்துக்கொண்டு போனேன்.

"ஏட்டி, நீ என்ன வேண்டியிருக்க?"

"நித்யா டீம் ஜெயிக்கணும்னு. தேங்கா செதற விடலை போடுறேன்னு நேந்துருக்கேன்."

"ஜெயிச்சா கல்யாணம் என்னத்துக்கு ஆவுறது?"

"கல்யாணம் எங்க ஓடிப் போவுது? அந்தப் பிள்ளை எத்தன வருசமா அதுக கால்லயே கெடக்கு. தோத்துக்கிட்டே இருந்த நாள்லயும் ஒரு நாள் விடாமப் போயிருக்கா. அவளுக்கு ஒண்ணு கெடைக்கட்டுமே. ஆமா, நீங்க என்ன வேண்டுனீய?"

"நான் பொதுவா வேண்டுனேன்."

"பொதுவான்னா?"

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாத்திரை போட்டாச்சு என்று பொய் சொல்லுகிற நோயாளியை நர்ஸ் பார்க்கிற பார்வை. அப்புறம் எனக்கும் சேர்த்து வெண்பொங்கல் வாங்கி வந்தாள். பிள்ளையார் நிலைமையை நினைத்துப் பார். ஒரே வீடு, ஒரே கார், ஒரே மேட்ச், ஆளுக்கொரு தேங்காய்.

அரையிறுதிக்குள் பெரியப்பாவும் பெரியம்மாவும் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். விசா கிடைத்து அவர்கள் விமானம் ஏறினதே பெரிய கதை. அரையிறுதி அன்றைக்குப் பெரியப்பா டிவி முன்னால் உட்கார்ந்து, "ஏன்டே, பந்தை வச்சிருக்கவன் ஓடாம, ஏன் இப்படிக் கூடிக் கூடிப் பேசுதான்?" என்று கேட்டார். "திட்டம் போடுறாங்கண்ணே." "ஓடுற நேரத்தவிடப் பேசுற நேரம் சாஸ்தியா இருக்கே, நம்ம சொசைட்டி எலெக்‌ஷன் மாதிரி." கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து நின்று "அமுக்குலே, அமுக்கு!" என்று கத்தினார். யாரை அமுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

கையால் ஆடுகிற இந்த ஆட்டத்திலும் எப்போதாவது ஒரு உதை உண்டு, கடைசியில் எதிர் டீம்காரன் அதை உதைக்க வேண்டும். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போனால் அவர்கள் பைனலுக்கு, நித்யா நம் மண்டபத்துக்கு. இவ்வளவு நாள் நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு உதையைத்தான். "உள்ள போ" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டிவியில் மைதானத்து ஓரத்தைக் காட்டினார்கள். ஒரு மலை மாதிரிப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நித்யா தரையில் முட்டி போட்டு அவன் கணுக்காலைப் பிடித்திருக்கிறாள். அவன் பயத்தில் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்க்கிறான். அவள் பார்க்கவில்லை, அவன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. உங்கம்மா பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தாள், பெரியப்பா என்னைக் கட்டிப்பிடித்தார். நான் எந்தப் பக்கத்துக்குச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் அவர் பிடியிலேயே நின்றேன்.

அப்புறம் உங்கள் போன் வந்தது. நித்யா பின்னால் பையன்கள் பாடுகிற சத்தம். "அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க. நான் எங்க ஹெட் ட்ரெய்னர்ட்ட சொல்லிட்டேன். பைனலுக்கு எனக்குப் பதிலா வேற ஆள் போவாங்க. நான் வெள்ளிக்கிழமையே அங்க வந்துடுறேன்" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷம் உங்கம்மாவோடு இருந்திருக்கிறேன், குறையே இல்லாத குரல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயிலிருந்து "சரிம்மா" என்றுதான் வந்தது. நீ போனை வாங்கி, "அப்பா, யுவர் கால்" என்றாய். முடிவு என் கையிலாம். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பை கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

நீயே சொல், நான் என்ன செய்ய? பைனல் நடக்கிற ஊர் விமானத்தில் போகிற தூரம், டீம் இரண்டு நாள் முன்னாலேயே போய்விடும். முகூர்த்தத்தைத் தள்ளலாம் என்றால், பெரியப்பா அடுத்த முகூர்த்தத்துக்குள் ஊருக்குத் திரும்ப வேண்டும். மண்டபம் வேறு நாளில் கிடைக்காது. நித்யாவின் வீட்டார் ஹூஸ்டனிலிருந்து கூட்டமாகக் கிளம்புகிறார்கள். முகூர்த்தப்படி நடத்தலாம் என்றால், டீம் பைனலுக்குப் போகும்போது அந்தப் பையன் வேறு யாருடைய தோளையாவது பிடித்துக்கொண்டு நிற்பான். இவள் பட்டுப்புடவை கட்டி எங்கள் நடுவில் சிரித்துக்கொண்டிருப்பாள். இந்த வாய்ப்பு இனி எப்போது வரும் என்று டைரோனைக் கேட்டேன். இந்தத் தடவை டோனட்டை முழுசாகவே கொடுத்துவிட்டுப் போனான். உங்கம்மா புடவைகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன், திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஃபுட்பாலைப் பற்றி ஒன்றும் இல்லை.

நேற்று மறுபடி போன் பண்ணி, "போம்மா, பைனலுக்குப் போ" என்றேன். "இல்ல அங்கிள், டிசைட் பண்ணியாச்சு" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்றாள். போனில் அவளை ஜெயிக்க முடியாது. அதனால்தான் ஊர் பார்க்க எழுதுகிறேன். நித்யா, நீ டீமோடு போகிற விமானத்தில் போ. கதிர், நீயும் அவள் பின்னாலேயே போ, கொட்டு அடிக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்து பார். திங்கட்கிழமை மண்டபத்தில் நாங்கள் இருப்போம். சாப்பாடு உண்டு, நாதஸ்வரம் உண்டு. முகூர்த்தம் அன்றைக்குக் காலையில், மேட்ச் ராத்திரி. இடையில் ஒன்றும் நடக்காது, சாப்பிடலாம். பெரிய திரை போடச் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் பட்டு வேட்டி, பட்டுச் சேலையோடேயே வரலாம், பெண்ணைத் திரையில் பார்க்கலாம், எப்படியும் முட்டி போட்டுக்கொண்டுதான் இருப்பாள். தாலியை நீங்கள் திரும்பி வந்து கட்டிக்கொள்ளுங்கள், பெரியப்பா கிளம்புவதற்குள் எந்த நாளாக இருந்தாலும் சரி. பஞ்சாங்கத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். இன்னொன்று நித்யா, என்னை அங்கிள் என்று கூப்பிடுவதை நிறுத்தி மாமா என்று கூப்பிட முகூர்த்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு எழுதிவிட்டேன், நீங்கள் கேட்பீர்களா என்று தெரியவில்லை. விமான நிலையத்தில் உங்களைக் கூட்டிவரக் காரை எடுக்கவா, வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. எடுத்தே வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று டிப்போவில் எல்லாரும் கணித்துச் சொல்லுகிறார்கள். என்னையும் கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலையில் என் வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கொண்டு, டீம் பைனல் வரைக்கும் வந்ததற்கு உங்கம்மாவின் தேங்காயை விடலை போட்டுவிட்டு வரலாம் என்று கோயிலுக்குப் போனேன். தேங்காய் ராத்திரி முழுக்கக் கார் டிக்கியில் கிடந்ததில் உறைந்து கல்லாகியிருந்தது. கையுறையைக் கழற்றாமல் ஓங்கி எறிந்தேன். தேங்காய் உடையவில்லை. எகிறிப் போய், நிறுத்தியிருந்த குருக்கள் காரின் பின்விளக்கில் பட்டது. வலது பக்கத்து விளக்கு. வேண்டுதல் சேருமா என்று அவரிடம் கேட்டேன். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது விளக்குக்குச் சொல்லிவிட்டேன், புதன்கிழமை வரும். தேங்காயை உங்கம்மா சட்னிக்கு எடுத்துக்கொண்டாள்.

அப்பா